ஆலப்புழைக் கால்வாய்க்கரைக் கிடங்குகள்: மலையோரத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமுளி, வண்டன்மேடு, கம்பம், போடி பக்கம் ஏலக்காயோடும் மிளகோடும் புழங்குகிற குடும்பங்களில் ஆலப்புழை என்ற பெயர் அடிபடாத வீடு குறைவு. ஆனால் அந்த ஊர்க் கால்வாய்க்கரையில் ஓடு சரிந்து, ஆலமரம் முளைத்து நிற்கிற பழைய கிடங்குகளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் படகுவீடு பார்க்கப் போனோம், வழியில் பார்த்தோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அந்தக் கிடங்குகளின் வரலாற்றில் நம் மலைக்கும் பங்கு இருக்கிறது, அது நமக்கே தெரியாமல் போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

ஆலப்புழை ஊருக்குள் பெரிய ஆறு எதுவும் ஓடவில்லையே, அப்புறம் எப்படி இத்தனை கரையோரக் கிடங்குகள்?

ஆறு ஊருக்குள் வரவில்லை, ஆனால் ஆறுகள் கொண்டுவந்த சரக்கு முழுக்க ஊருக்குள் வந்தது. பம்பை, அச்சன்கோவிலாறு, மணிமலையாறு, மீனச்சிலாறு, மூவாற்றுப்புழை எல்லாம் கிழக்கு மலையிலிருந்து இறங்கி வேம்பநாட்டுக் காயலில்தான் கலக்கின்றன. காயலுக்கு மேற்கே ஒரு மணல்திட்டு, அதற்கு அந்தப் பக்கம் கடல். அந்த மணல்திட்டின்மேல்தான் ஆலப்புழை இருக்கிறது. காயலிலிருந்து கடற்கரைப் பக்கமாக ஏறக்குறைய இணையாக இரண்டு கால்வாய் வெட்டினார்கள், ஒன்று வாடைக் கால்வாய், இன்னொன்று கமர்ஷியல் கால்வாய். மலையில் ஏற்றிய மூட்டை ஆறு, காயல், கால்வாய் என்று நீர்வழியாகவே வந்து கிடங்கு வாசலில் இறங்கும், அங்கிருந்து கடலுக்குக் கொஞ்ச தூரம்தான்.

இன்றைக்கும் அந்த ஊர் விலாசங்களைப் பார்த்தால் இது புரியும். வி.சி.எஸ்.பி. ரோடு, வி.சி.என்.பி. ரோடு, சி.சி.என்.பி. ரோடு என்று போட்டிருப்பார்கள். வாடைக் கால்வாய்த் தென்கரை, வடகரை, கமர்ஷியல் கால்வாய் வடகரை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அவை. எந்தக் கால்வாய்க்கு எந்தக் கரை என்று சொன்னால் போதும், ஆள் வந்து சேர்ந்துவிடுவார்.

யார் கட்டினது? ராஜா கேசவதாஸ் 1762-இல் கட்டினார் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே?

கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். துறைமுகம் திறக்கப்பட்டது 1762, அது தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா திருவிதாங்கூரை ஆண்ட காலம். கேசவதாஸ் பிறந்ததோ 1745, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கம். 1762-இல் அவர் பதினேழு வயதுப் பையன். திவான் ஆனது 1780களின் கடைசியில். ஆகவே துறைமுகம் தொடங்கியதையும் அதை அவர் பெரிய வியாபார நகரமாக்கியதையும் ஒரே வருடத்தில் போட்டு அடைக்கக்கூடாது. கால்வாய், கிடங்கு, கடைவீதி என்று ஊருக்கு ஒரு அமைப்பு வந்ததும், கச்சு, சூரத், பம்பாய்ப் பக்கத்து வியாபாரிகள் வந்து குடியேறியதும் அவருடைய முயற்சி. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியும் அவர் அமைத்ததுதான்.

வேறு இடமெல்லாம் இருக்க இங்கே ஏன் துறைமுகம் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரிடம் தோற்றார்கள், 1753-இல் அவர்களோடு மாவேலிக்கரை உடன்படிக்கை வந்தது. மிளகை இனி தன் கையாலேயே விற்கலாம் என்ற நிலை திருவிதாங்கூருக்கு வந்தபோது, தனக்கென்று ஒரு நல்ல துறைமுகம் தேவைப்பட்டது. ஆலப்புழைக் கடலில் சாகரை என்கிற சேற்றுத்திட்டு இருந்தது. மழைக்காலத்தில் மற்ற இடமெல்லாம் கொந்தளிக்கும்போதும் அந்தத் திட்டுக்குள் அலை அடங்கி இருக்கும், கப்பலிலிருந்து சரக்கை இறக்கலாம், ஏற்றலாம். மேற்குக் கடற்கரையில் இது சின்ன விஷயமே இல்லை.

கிடங்குகள் அரசாங்கத்தினுடையவையா, வியாபாரிகளுடையவையா?

முதலில் பெரும்பாலும் அரசாங்கத்துக்காக, பிறகு பெரும்பாலும் வியாபாரிகளுக்காக. மிளகை யாரும் இஷ்டப்பட்டவருக்கு விற்க முடியாது, சர்க்கார் குறித்த விலைக்குச் சர்க்காரிடமே அளக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய சட்டம். அளந்து வாங்கிய மிளகைக் கப்பல் வரும்வரை வைத்திருக்க இடம் வேண்டுமே, அதற்குத்தான் பண்டகசாலை. அந்த ஊர்க்காரர்கள் பாண்டிகசாலை என்பார்கள். புகையிலையும் அப்படித்தான், யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் அவ்வளவு கிராக்கி, அதன் வியாபாரத்தையும் அரசாங்கமே கையில் வைத்திருந்தது.

மாதவராவ் திவானாக இருந்தபோது 1860 வாக்கில் மிளகு ஏகபோகம் எடுக்கப்பட்டு ஏற்றுமதி வரி வந்தது. சில வருடங்களில் புகையிலை ஏகபோகமும் போயிற்று. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் மூன்றுக்கும் இடையே சுங்க உடன்பாடு வந்ததும் தனி வியாபாரிகளுக்கு வழி திறந்துவிட்டது. அதே காலத்தில்தான் 1859-இல் டாரா ஸ்மெயில் கம்பெனி கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை தொடங்கியது, 1862-இல் கலங்கரை விளக்கமும் கடல்பாலமும் வந்தன. அப்புறம் கால்வாய்க்கரை நெடுக வெள்ளைக்காரக் கம்பெனி, குஜராத்திச் சேட்டு, உள்ளூர் வியாபாரி என்று ஆளாளுக்குக் கிடங்கு கட்டிக்கொண்டார்கள்.

கட்டடம் எப்படி இருக்கும்? உள்ளே பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் நீளச் சுவரும் ஓட்டுக் கூரையும்தான் தெரியும், பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் கல்லைப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிவப்பாக, துளைத் துளையாக வெட்டுக்கல் தெரியும். ஆலப்புழை மண்ணோ முழுக்க மணல், அங்கே தோண்டினால் வெட்டுக்கல் கிடைக்காது. கிழக்குப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் ஏற்றித்தான் அந்தக் கல் வந்தாக வேண்டும். சுண்ணாம்பு, வேம்பநாட்டுக் காயலில் வாரிய சிப்பியைச் சுட்டு எடுத்தது. மரம் தேக்கு, ஐனி, எல்லாம் ஆற்றில் மிதந்து வந்தவை. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை வைத்த பிறகு கூரைக்கு அந்த ஓடும் கடல்வழியாக வந்தது. சரக்கு வருவதற்கு முன்னால் கட்டடமே தண்ணீர் வழியாகத்தான் வந்திருக்கிறது.

அடுத்து வாசல். கிடங்கின் முகப்பு கால்வாயைப் பார்த்து இருக்கும், கட்டடம் பின்னால் நீளமாக ஓடும். கரை நீளத்துக்கு அத்தனை மதிப்பு இருந்ததால் ஒவ்வொருவருக்கும் குறுகலான முகப்புதான் கிடைத்தது, இடம் வேண்டுமானால் பின்னால் நீட்டிக்கொள்ள வேண்டியதுதான். வாசலுக்கு நேர் எதிரே கால்வாயில் இறங்கும் படி, அதைக் கடவு என்பார்கள். தரை இடுப்பளவாவது உயர்த்திக் கட்டியிருக்கும், வெள்ளத்துக்காக ஒரு பக்கம், தலைச்சுமைக்காரர் அதிகம் குனியாமல் மூட்டையை இறக்குவதற்காக இன்னொரு பக்கம்.

வாசல் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தால் சில கிடங்குகளில் தடித்த இரும்புக் கொக்கி ஒன்று தொங்கும். தராசு மாட்டுகிற கொக்கி அது. உள்ளே போகிற மூட்டையும் வெளியே வருகிற மூட்டையும் அதன் கீழ் நிற்காமல் போகாது. துலாம், கண்டி என்று எடை சொன்ன காலம், 20 துலாம் ஒரு கண்டி. கொக்கியின் உள்வளைவு தேய்ந்து பளபளவென்று இருக்கிறதா என்று பாருங்கள், எத்தனை கண்டி மிளகு அதன் வழியாகப் போயிருக்கும் என்று கணக்குப் போடவே தோன்றாது.

மிளகுக்குக் காற்று வேண்டும், ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் மிளகு வைக்கும் அறைகளில் சுவருக்கு மேலே, கூரையை ஒட்டி, மரச்சட்டம் போட்ட காற்றுவழிகள் இருக்கும். ஏலக்காய்க்கு நேர்மாறாக இருட்டு வேண்டும், வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும், பச்சை வெளுத்தால் விலை விழும். இதை நம் ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கூரைக்குக் கீழே ஜன்னலே இல்லாத அறையும் காற்று விசிறியடிக்கிற அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஏதோ தப்பாகக் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

சரக்கு எதில் வந்தது?

கெட்டுவள்ளத்தில். இன்று படகுவீடு என்று குளிரூட்டி வைத்து வாடகைக்கு விடுகிறார்களே, அதன் மூத்த வடிவம். ஐனிப் பலகைகளை ஆணியே அடிக்காமல் கயிற்றால் கட்டி, இடுக்கில் தேங்காய் நார் வைத்து அடைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். பெரிய வள்ளம் முப்பது டன் வரை சுமக்கும். ஆழம் குறைந்த இடத்தில் கழுக்கோல் ஊன்றித் தள்ளுவார்கள், காயலில் காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள்.

நம்ம மலை ஏலக்காய்க்கு ஏன் ஆலப்புழைப் பெயர்?

இது நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. போடியிலோ புற்றடியிலோ ஏலம் நடக்கும்போது ஏ.ஜி.இ.பி., ஏ.ஜி.பி. என்று தரம் சொல்கிறோம். முதல் இரண்டு எழுத்தும் ஆலப்புழைப் பச்சை என்பதைத்தான் குறிக்கின்றன. 7 மில்லிமீட்டருக்குக் குறையாத காய், லிட்டருக்கு 435 கிராம் எடை நின்றால் அது ஏ.ஜி.இ.பி. ஆனால் ஆலப்புழையில் ஏலச்செடி ஒன்றுகூட விளையாது, அந்த மணலில் விளையவும் முடியாது.

நடந்தது இதுதான். திருவிதாங்கூர் ஏலமலையில் விளைந்த காயும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அரசாங்க ஏகபோகமாக இருந்தது. மலையில் விளைவித்தவர்களில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போன நம் ஆட்கள் நிறையப் பேர். விளைந்ததைச் சர்க்காரிடம் ஒப்படைத்துத் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்கார் அதை ஆலப்புழைக்கு இறக்கி, அங்கே கிடங்கில் வைத்து, தரம் பிரித்து ஏலம் விடும். கிழக்கே ஒரு நாள் நடந்தால் மதுரைச் சீமை, மேற்கே இறக்கினால் சர்க்கார் கிடங்கு. அதனால் ராத்திரியோடு ராத்திரியாகக் கணவாய் வழியே கிழக்கே இறக்கிவிடுவதும் நடந்தது, அதைப் பிடிக்கக் காவலும் போட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிக்கு மலை தெரியாது, கம்பம் தெரியாது, கப்பல் ஏறிய ஊர் மட்டும் தெரியும், அவன் அந்த ஊர்ப் பெயரையே காய்க்கு வைத்துவிட்டான். ஆலப்புழை மஞ்சள் என்று உலகச் சந்தையில் சொல்வதும் இதே மாதிரிதான், அது தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பக்கம் விளைகிற மஞ்சள்.

எல்லாச் சரக்கும் மேற்கே போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, கயிற்றுவழியாகக் குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் போனது. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. 1928-இல் போடிக்கு ரயில் வந்தபிறகு கிழக்கு வழிக்கு இன்னும் பலம். எது எந்தப் பக்கம் போவது என்பதை வரியும் பாதையும் முடிவு செய்தன.

அந்தக் கிடங்குகளில் தமிழர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், பல வேலையில். தமிழ்நாட்டிலிருந்து போய்க் காஞ்சிரப்பள்ளி, சங்கனாச்சேரி, ஆலப்புழை என்று குடியேறிய ராவுத்தர் குடும்பங்கள் பலசரக்கு வியாபாரத்தில் பெரிய ஆட்கள். செட்டியார்களும் உண்டு. ஆனால் சேட்டு வீட்டுப் பெயர் தெருவுக்கு நின்ற மாதிரி நம்மவர் பெயர் நிற்கவில்லை, மூட்டை தூக்கியவர் பெயரோ எந்த மொழிக்காரர் ஆனாலும் எங்கேயும் நிற்கவில்லை. கிடங்கு என்றால் முதலாளி பெயரோடு கதை முடிந்துவிடுவது எனக்கு ஒப்பவே இல்லை. 1922-இல் ஆலப்புழையில்தான் வாடப்புறம் பாவா முன்னின்று திருவிதாங்கூர்த் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார், அதுவும் கயிற்றுத் தொழிற்சாலைக்காரர்களை வைத்து. 1938 வேலைநிறுத்தம், 1946 புன்னப்புர வயலார்ப் போராட்டம் எல்லாம் இந்தக் கால்வாய்களைச் சுற்றி வாழ்ந்த உழைப்பாளிகளின் கதைகள். கிடங்கு வரலாறு எழுதுகிற யாரும் இதை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

இவ்வளவு பெரிய வியாபாரம் எப்படிப் படுத்தது?

ஒரே அடியில் விழவில்லை. கொச்சி முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் உள்துறைமுகம் அமைத்தார். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. அதற்குப் பிறகு நடுக்கடலில் நிற்கிற கப்பலுக்குப் படகில் மூட்டை கொண்டுபோய் ஏற்ற யார் ஆலப்புழைக்கு வருவார்கள்? கொச்சியில் கப்பல் நேராகக் கரையில் அணைகிறது, பக்கத்திலேயே ரயில். 1936-இல் அது பெருந்துறைமுகம் ஆனது. மிளகு, ஏலம் வாங்குகிற கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு மாறின. 1942-இல் பர்மா ஜப்பான் கையில் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, திருவிதாங்கூர் பட்டினி கிடந்தது, அரிசிக் கிடங்குகள் காலியாயின.

அப்புறம் சாலை வந்தது. கோட்டயத்துக்கு 1956-இல் ரயிலும் வந்தது. லாரி நேராக வாசலுக்கு வரும்போது வள்ளத்துக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? கால்வாயைப் பார்த்து இருந்த முகப்பு பின்பக்கம் ஆயிற்று, தெருவைப் பார்த்து இருந்த பின்பக்கச் சுவரை உடைத்து ஷட்டர் போட்டார்கள். என் பார்வையில் கிடங்குகள் செத்தது அன்றைக்குத்தான், கடைசிக் கப்பல் போன 1989-இல் இல்லை. அதே 1989-இல்தான் ஆலப்புழைக்கு ரயில் வந்தது என்பது வேறு.

பயன்பாடு போன கால்வாயில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்தன. 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்து உப்புநீர் ஏறுவது கட்டுப்பட்டது நெல்லுக்கு நல்லது, ஆனால் அணை மூடியிருக்கிற மாதங்களில் தண்ணீர் தேங்குவதும் பாசி மண்டுவதும் கூடிற்று.

பாழடைந்த கட்டடம்தானே, இடித்துவிட்டு நல்லதாக ஒன்று கட்டினால் என்ன?

கோபம் வராமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். சொந்தக்காரர் நிலை எனக்குப் புரிகிறது, ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்றவே காசு போய்விடும், வருமானம் ஒன்றும் இருக்காது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வெட்டுக்கல் சுவர் அவ்வளவு சீக்கிரம் விழாது. முதலில் போவது ஓடு, ஓடு போனால் மழைநீர் சுவரின் தலையில் இறங்கும், அப்புறம் உத்திரம், அப்புறம்தான் சுவர். காலாகாலத்தில் ஓடு மாற்றினால் இன்னும் நூறு வருடம் நிற்கிற கட்டடத்தைத் தானாக விழும்வரை விட்டுவிட்டு, பாழடைந்துவிட்டது என்று இடிப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. சிமெண்ட் வைத்து ஒட்டுப்போடுவதும் வேண்டாம், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி, சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லை அரிக்கும்.

இன்னொன்று, கட்டடத்தை மட்டும் காப்பாற்றி, வண்ணம் அடித்து, எதிரே உள்ள கடவை மூடிக் கார் நிறுத்த இடம் செய்தால் அது வெறும் பழைய வீடு. படித்துறையும் கால்வாயும் சேர்ந்தால்தான் அது கிடங்கு. 2021-இல் பழைய கயிற்றுக் கட்டடங்களில் பெரிய ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள், அரசாங்கமும் ஊரின் பழைய கட்டடங்களை அருங்காட்சியகங்களாக்கும் திட்டம் வைத்திருக்கிறது. நல்லதுதான், கால்வாயில் படகு ஓடும்படி தண்ணீரையும் சேர்த்துச் சுத்தமாக்கட்டும்.

இதே மாதிரி கொச்சியில் நன்றாகவே வைத்திருக்கிறார்களே, அங்கே பார்த்தால் போதாதா?

அதையும் பாருங்கள். 1867-இல் வந்த ஆஸ்பின்வால் கம்பெனியின் கட்டடத்தில்தான் 2012-இலிருந்து கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கிறது. ஆனால் அது கப்பல் துறைமுகத்துக் கிடங்கு, கால்வாய்க்கரைக் கிடங்கின் கதையை அங்கே பார்க்க முடியாது.

குமுளியிலிருந்து எப்படிப் போவது?

சரக்கு போன வழியிலேயே போகலாம், அதுதான் என் யோசனை. கே.கே. ரோட்டில், அதாவது கோட்டயம்-குமுளிச் சாலையில், பஸ் பிடித்து ஏலப்பாறை போகாமல் நேராக முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி வழியாகக் கோட்டயம். அங்கே கோடிமதைப் படகுத்துறையிலிருந்து கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு ஆலப்புழைக்குப் போகிறது, சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட்டும் மலிவு. கிளம்பும் நேரத்தைத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். படகு காயலைக் கடந்து கால்வாய்க்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். இறங்கிய பிறகு கரையோரமாகவே மேற்கே நடந்தால் கடற்கரை வரும், மணலில் நிற்கிற துருப்பிடித்த தூண்கள்தான் 1862 கடல்பாலத்தின் மிச்சம். தனியார் கிடங்குக்குள் நுழைவதற்கு முன் காவலாளியிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஏலக்காய்க் கணக்குப் புத்தகங்கள் கிடக்கின்றன, எடைக்குப் போட்டுவிடலாமா?

தயவு செய்து போடாதீர்கள். மலையாளத்திலோ தமிழிலோ கொல்லம் ஆண்டு போட்டு எழுதியிருந்தால், அந்த எண்ணோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வந்துவிடும், ஆண்டு ஆவணி வாக்கில் மாறுவதால் ஒரு சில மாதம் முன்பின் ஆகும். யாருக்கு அனுப்பினார்கள், எந்தக் கரையில் இறங்கியது, வள்ளக்கூலி எவ்வளவு, கிடங்கு வாடகை எவ்வளவு, எடைக்குறைவு எவ்வளவு கழித்தார்கள் என்று சின்னச் சின்னதாக எழுதியிருப்பார்கள். சர்க்கார் ஆவணத்தில் வராத விவரங்கள் இவை. நிழலில் வைத்து, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுங்கள், அட்டையையும் சேர்த்து, வரிசை மாறாமல். பிறகு புத்தகத்தை நாப்தலீன் உருண்டை போடாமல் வேப்பிலையோடு துணியில் சுற்றித் தரையில் படாத அலமாரியில் வையுங்கள், அதை எழுதியவர் யார் என்று வீட்டில் வயதானவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பக்கத்துக் கல்லூரியில் வரலாற்றுத் துறை இருந்தால் படங்களின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.